ஜாயிண்ட் பெயரில் வாங்கிய வீடு யாருக்குப் போகும்?

செம்பூரானாலும் முலுண்டானாலும் டோம்பிவிலியானாலும், இந்த மும்பைப் பக்கம் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் அக்ரிமெண்டில் கணவன், மனைவி இருவர் பெயரையும் சேர்த்தே எழுதுவது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. கடன் கொடுக்கும் வங்கியும் அதைத்தான் விரும்புகிறது. 'ஜாயிண்ட் ஓனர்ஷிப்' என்று எல்லாரும் சொல்லும் இந்த ஏற்பாட்டைப் பற்றி எங்கள் சொசைட்டியில் (குடியிருப்பின் கூட்டுறவுச் சங்கத்தில்) பேச்சு வரும்போதெல்லாம், ஒருவர் காலமானால் முழு வீடும் மற்றவருக்குத் தானாகவே வந்துவிடும் என்ற நம்பிக்கையையே கேட்கிறேன். சட்டம் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை.

இந்த நம்பிக்கை பிறந்த இடம் இங்கிலாந்து. அங்கே ஒரு சொத்தைப் பலர் சேர்ந்து வைத்திருப்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. இரண்டின் பெயரிலும் வரும் 'டெனன்சி' என்ற சொல்லுக்கும் வாடகைக்கும் தொடர்பில்லை. ஜாயிண்ட் டெனன்சி என்னும் முறையில் யாருக்கும் தனிப் பங்கு கிடையாது; ஒருவர் இறந்தால் அவருடைய உரிமை அத்துடன் முடிந்து, உயிரோடிருப்பவரே முழு உரிமையாளர் ஆகிறார், இறந்தவர் எழுதிய உயில்கூட அதைத் தொட முடியாது. டெனன்சி இன் காமன் என்னும் முறையில் ஒவ்வொருவருக்கும் கணக்கிடக்கூடிய பங்கு உண்டு. அது அவரவர் வாரிசுகளுக்குப் போகும். 1925ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சொத்துச் சட்டம் பத்திரத்தில் நிற்கும் உரிமையை முதல் முறையில் மட்டுமே, அதுவும் அதிகபட்சம் நான்கு பேர் பெயரில் மட்டுமே, வைத்திருக்க அனுமதிக்கிறது. சொத்தின் பயனை அனுபவிக்கும் உரிமையை எந்த முறையில் வைத்துக்கொள்வது என்பதை வாங்குபவர்கள் முடிவு செய்துகொள்ளலாம். நம் ஊரில் ஏஜெண்ட் அச்சடித்துக் கொண்டுவரும் அக்ரிமெண்டில் இப்படியொரு கேள்வி எழுவதே அபூர்வம்.

கேள்வி எழாவிட்டாலும் விடை இருக்கிறது. கூட்டுக்குடும்பத்துக்கு வெளியே ஜாயிண்ட் டெனன்சி என்பது இந்துச் சட்டம் அறியாத ஒன்று என்று 1896லேயே, அன்று இந்திய வழக்குகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவும், பல வாரிசுகள் சேர்ந்து ஒரு சொத்தைப் பெற்றால் தனித்தனிப் பங்குள்ளவர்களாகவே பெறுகிறார்கள் என்கிறது. விலை கொடுத்து வாங்கிய சொத்துக்கு 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பொருந்தும்: வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவரவர் போட்ட பணத்தின் விகிதமே அவரவர் பங்கு, யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்குச் சான்று இல்லையென்றால் சம பங்கு.

வங்கிக் கணக்கில் எழுதும் 'ஐதர் ஆர் சர்வைவர்' (இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்) என்ற வாசகமும் இந்தக் குழப்பத்துக்குத் தூபம் போடுகிறது. யாரிடம் பணத்தைக் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு தீரும் என்பதற்கான ஏற்பாடு அது. அந்தப் பணம் கடைசியில் எந்த வாரிசுக்குச் சேரவேண்டும் என்பதை அது முடிவு செய்வதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். சம பங்கில் வாங்கிய ஒரு வீட்டில் கணவர் உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரில் அவருடைய தாயார் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உயில் இல்லாதபோது முதலில் பங்கு பெறும், இந்து ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் தாயும் உண்டு, தந்தை கிடையாது. ஆகவே கணவரின் பாதி நான்காகப் பிரிந்து, ஆளுக்கு வீட்டின் எட்டில் ஒரு பங்கு வருகிறது. முழு வீடும் தனதே என்று நினைத்திருந்த மனைவியிடம் இருப்பது எட்டில் ஐந்து பங்கு. மாமியார் இப்போது அவருடன் கூட்டு உரிமையாளர். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் கணக்கு மாறும்: 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவரின் சொத்தில் மூன்றில் ஒன்று மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு, பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குப் பங்கில்லை.

பிள்ளைகள் மைனர்களாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். மைனரின் அசையாச் சொத்தைத் தாயே ஆனாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது என்று 1956ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவு தடுக்கிறது. கணவரை இழந்த பெண் கடனை அடைக்க வீட்டை விற்க நினைக்கும் நேரத்தில்தான் இந்தத் தடை கண்ணுக்குத் தெரிகிறது, அதுவும் வாங்க வந்தவரின் வக்கீல் சொல்லித்தான் தெரிகிறது.

'அதற்குத்தான் சொசைட்டியில் நாமினி கொடுத்திருக்கிறோமே' என்பார்கள். மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் 2019இல் சேர்த்த விதிகளின்படி, வாரிசுகள் பெயருக்கு மாற்றப்படும் வரையில் நாமினி தற்காலிக உறுப்பினர் மட்டுமே. கம்பெனிப் பங்குகள் தொடர்பான ஒரு வழக்கிலும், நாமினேஷன் வாரிசுரிமையை மீறாது என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சொசைட்டி உறுப்பினருக்குத் தரும் ஷேர் சர்டிபிகேட்டில் யார் பெயர் முதலில் என்பதற்காக நடக்கும் சின்னச் சின்ன மனஸ்தாபங்களையும் இங்கே சொல்லிவிடலாம்: சொசைட்டிக் கூட்டத்தில் வாக்களிக்க முதல் பெயருக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் அதனால் வீட்டில் பங்கு கூடிவிடாது.

என் கருத்தில், அக்ரிமெண்டிலேயே யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிவிட வேண்டும். மாதத் தவணை யார் கணக்கிலிருந்து போகிறது என்பதற்கான வங்கிச் சான்றுகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். வருமான வரிக்கும் இது உதவும். பங்குகள் தெளிவாக இருந்தால் ஒவ்வொருவருடைய பங்கும் அவரவர் கணக்கில் தனித்தனியாகவே கணக்கிடப்படும். ஒருவருக்குப் பின் மற்றவருக்கே வீடு முழுவதும் சேரவேண்டும் என்பதுதான் விருப்பம் என்றால், இருவரும் ஆளுக்கொரு உயில் எழுதவேண்டும். அதற்கு ஸ்டாம்ப் டூட்டி கிடையாது, பதிவு செய்வதும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடுவது கட்டாயம்; அவர்கள் உயிலால் பயனடையாதவர்களாக இருப்பது நல்லது. கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால், அவருடைய தாயார் மனமுவந்து, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அவருடைய பங்கு மருமகளிடம் வந்துசேரும். மைனர் பிள்ளைகளின் பங்குக்கு அந்த வழியும் இல்லை.