கல்கூர்லி நாட்குறிப்பு: 482-லிருந்து 186-க்கு

2024 டிசம்பர் 8, ஞாயிறு

ஆஸ்திரேலியாவின் வேலை விசா சட்டம் நேற்று மாறியது. முதலாளி ஸ்பான்சர் செய்யும் தற்காலிக வேலை விசாவுக்கு 482 என்ற எண் அப்படியே இருக்கிறது, 'ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்' என்ற பெயர் புதிது. வொர்க்‌ஷாப்பில் எல்லோரும் பெயரைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. முதலாளி வழியாக நிரந்தர வசிப்புரிமை வாங்கித்தரும் 186 விசாவுக்கு, கடைசி மூன்று வருடத்தில் இரண்டு வருடம் ஸ்பான்சரிடம் வேலை பார்த்திருக்க வேண்டும். இதுவரை அந்த இரண்டு வருடமும் ஒரே முதலாளியிடம் இருந்தாக வேண்டும். இனி அங்கீகாரம் பெற்ற எந்த ஸ்பான்சரிடம் பார்த்த வேலையையும் கூட்டிக்கொள்ளலாம்.

இடம் மாறினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும் என்பதற்காகவே எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள்! 2023 நவம்பர் 25-க்கு முன்னால் அது மூன்று வருடம் வேறு.

எனக்கு இந்த மாற்றம் தேவைப்படவில்லை. 2023 பிப்ரவரியில் கல்கூர்லி என்ற இந்தத் தங்கச் சுரங்க ஊருக்கு வந்து டீசல் மெக்கானிக்காகச் சேர்ந்த அதே நிறுவனம்தான் இன்றும். ஆனாலும் மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

2025 ஜனவரி 19, ஞாயிறு

பி.டி.இ. என்ற ஆங்கிலத் தேர்வு எழுத பெர்த் போய்வந்தேன். கல்கூர்லியிலிருந்து 600 கிலோமீட்டர், ப்ராஸ்பெக்டர் ரயிலில் பகல் முழுக்கப் பயணம். வழியில் பல இடங்களில் ரயில் பாதையை ஒட்டியே தண்ணீர்க் குழாயும் வருகிறது. 1903-இலிருந்து எங்கள் ஊர் குடிப்பது அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான். தங்கம் இங்கே, தண்ணீர் அங்கே.

482 வாங்கும்போது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற இன்னோர் ஆங்கிலத் தேர்வில் ஒவ்வொரு பிரிவிலும் 5 போதுமாயிருந்தது. 186-க்கு ஒவ்வொன்றிலும் 6 வேண்டும், பி.டி.இ. என்றால் அதற்கு இணையான மதிப்பெண். பேச்சு எனக்குப் பயமில்லை, எழுத்துதான். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து கட்டுரை எழுதிப் பழகினேன்.

இரவு புதுக்கோட்டைத் தம்பி அறையில் தங்கினேன். 482-இல் செஃப், பெர்த்தில் ஓர் உணவகம். சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும்போது மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, சம்பளம் பேங்க்ல சரியாத்தான் விழுது. விழுந்த மறுநாள் 400 டாலர் கையில திருப்பிக் கொடுக்கணும். ஸ்பான்சர் பண்ண செலவாம்."

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 400. எனக்குத் தின்ற சோறு செரிக்கவில்லை.

ஸ்பான்சர் பண்ணுவதற்குப் பணம் கேட்பதும் வாங்குவதும் 2015 டிசம்பரிலிருந்தே குற்றம். வெளிநாட்டு ஆளை எடுத்தால் உள்ளூர்ப் பயிற்சிக்கென்று ஒரு லெவி கட்ட வேண்டும். வருட வரவுசெலவு ஒரு கோடி டாலருக்குக் குறைவான நிறுவனத்துக்கு, 482 என்றால் வருடத்துக்கு 1,200 டாலர். பெரிய நிறுவனத்துக்கு 1,800. முழுக்க முதலாளி பொறுப்பு. தொழிலாளி தலையில் ஒரு டாலர்கூட ஏற்றக்கூடாது.

"கேட்டா விசாவைக் கேன்சல் பண்ணிடுவேங்கிறாரு அண்ணே."

அவரால் முடியாது. விசாவை ரத்து செய்யும் அதிகாரம் உள்துறைக்கு மட்டும்தான். வேலை நின்றால் அதை 28 நாளுக்குள் அவர் தெரிவிக்க வேண்டும், அவ்வளவே. 2024 ஜூலை 1-லிருந்து, வேலை போனாலும் ஒரே மூச்சில் 180 நாள் வரை இருந்து வேறு ஸ்பான்சர் தேடலாம். முன்பு 60 நாள்தான். அந்த இடைவெளியில் வேறு வேலையும் பார்க்கலாம். விசாவைக் காட்டி மிரட்டுவதே அதே நாளிலிருந்து தனிக் குற்றம். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவன் ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு வந்தேன்.

2025 பிப்ரவரி 22, சனி

இரண்டு வருடம் முடிந்தது. மனிதவள அலுவலகத்தில் 186-க்கு என்னை நாமினேட் செய்ய, அதாவது பரிந்துரைக்க, சம்மதம் சொல்லிவிட்டார்கள். செய்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் அந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது உள்ளங்கை வேர்த்தது.

நாமினேஷன் கட்டணமும் ஒரே தவணையில் கட்டும் 5,000 டாலர் லெவியும் நிறுவனத்துடையது. விசா கட்டணம் என்னுடையது: எனக்கு 4,770, மனைவிக்கு 4,770, பாப்பாவுக்கு 2,385. மொத்தம் 11,925 டாலர். ஊரில் நிலத்துக்கு அனுப்ப வைத்திருந்த பணம் இதற்குப் போகிறது. அப்பாவிடம் சொன்னேன். "நிலம் எங்கயும் போகாதுடா" என்றார்.

நல்லவேளை, இந்த வழியில் திறன் மதிப்பீடு மறுபடி வேண்டாம். 2022-இல் தொழில்திறனை மதிப்பிடும் டி.ஆர்.ஏ. அமைப்புக்காக அனுப்பிய காகிதக் கட்டும், ட்ரான்ஸ்மிஷன் பற்றிக் கேட்டுத் துளைத்த அந்த நேர்காணலும் போதும்.

2025 மார்ச் 16, ஞாயிறு

காவல்துறைச் சான்றிதழ் வாரம். கடந்த பத்து வருடத்தில் மொத்தமாக ஒரு வருடமோ மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும். ஆஸ்திரேலியா சுலபம். இந்தியாவுக்கு வி.எஃப்.எஸ். என்ற விண்ணப்ப மையம் வழியாகப் போட்டாகிவிட்டது. ஓமன்தான் இழுக்கிறது. மஸ்கட்டில் இன்னும் இருக்கும் பழைய அறைத்தோழன் எனக்காக அலைகிறான். அவனுக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்!

பாப்பா போன நவம்பரில் இந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழில் கல்கூர்லி என்றுதான் இருக்கிறது. இங்கே பிறந்ததால் மட்டும் இந்நாட்டுக் குடிமகள் ஆகிவிடமாட்டாள். தாயோ தகப்பனோ குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். எங்கள் விசாவே அவளுக்கும். பிரசவச் செலவுக்குத் தனியார் காப்பீட்டில் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதால் மனைவி வந்த நாளிலேயே அந்தப் பாலிசியைப் போட்டிருந்தோம். புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் இதை முதலில் சொல்கிறேன்.

2025 மே 4, ஞாயிறு

நாமினேஷனும் விசா விண்ணப்பமும் ஏப்ரலில் போனது. இனிமேல் காத்திருப்புதான். முடிவு வரும்வரை தங்க விடும் பிரிட்ஜிங் விசா கைக்கு வந்தாலும் 482 உயிரோடு இருக்கும்வரை அது தூங்கும். எனது 482, 2027 பிப்ரவரி வரை. அதனால் தங்கை கல்யாணத்துக்கு ஆவணியில் ஊருக்குப் போய்த் திரும்பலாம். அம்மாவிடம் இதைப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. கடைசியில், "வருவியா மாட்டியா, அதச் சொல்லு" என்றார். வருவேன் என்றேன்.

தம்பி வேலையை விட்டுவிட்டான்! முந்தாநாள் போன் பண்ணினான், குரலே மாறியிருந்தது. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்த கணக்கு, ஏ.டி.எம். சீட்டுகள், முதலாளியின் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, தொழிலாளர் உரிமைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் அம்புட்ஸ்மனுக்கு எழுதியிருக்கிறான். ஆங்கிலத்தில் பேசத் தயங்கினான். 131450-க்கு அடித்துத் தமிழ் என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் வருவார், காசு கிடையாது. அப்படித்தான் பேசியிருக்கிறான்.

2025 ஜூலை 1, செவ்வாய்

ஸ்பான்சர் விசாவுக்கான குறைந்தபட்ச வருடச் சம்பள வரம்பு இன்று முதல் 73,150-லிருந்து 76,515 டாலர். 2023 ஜூன் வரை அது 53,900-தான், பத்து வருடமாக அசையாமல் கிடந்தது. அவ்வளவு குறைந்த சம்பளத்துக்கு ஆளைக் கொண்டுவந்து பிழிந்தவர்கள் எத்தனை பேர். வரம்பை உயர்த்தினால் சின்ன உணவகங்கள் ஆள் எடுக்காது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். அந்தக் கஷ்டம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் நியாயமான சம்பளம் கொடுக்க முடியாத இடத்துக்கு நம் பிள்ளைகள் கடல் தாண்டி வர வேண்டாம் என்பதே என் கட்சி.

தம்பிக்கு பன்பரி என்ற ஊரில் ஒரு ஓட்டலில் பேசி முடிந்திருக்கிறது. புது வரம்பின்படிதான் நாமினேஷன் போடுகிறார்கள்.

2025 ஆகஸ்ட் 17, ஞாயிறு

உள்துறையின் விசா இணையதளமான இம்மி அக்கவுண்ட்டில் என் கோப்பு இன்னும் 'ரிசீவ்ட்'. மருத்துவப் பரிசோதனை முடிந்தது. ஓமன் சான்றிதழையும் ஏற்றிவிட்டேன், தோழன் வாழ்க.

பன்பரி நாமினேஷன் அனுமதியாகிவிட்டது. தம்பி நாளைக்கு வேலையில் சேருகிறான். பழைய இடத்துப் பண விசாரணை ஒரு பக்கம் நடக்கட்டும். அங்கே அவன் உழைத்த மாதங்களும் 186 கணக்கில் சேரும், அவற்றை விடக்கூடாது. பழைய பே ஸ்லிப், வரிக் காகிதம், சூப்பர் என்கிற ஓய்வூதிய நிதி ரசீது எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முதல் ஆறு மாதத்துக்கானது வந்துவிட்டது, மீதி நாளை இரவு அனுப்புகிறானாம்.