ஓடையில் உடைந்த தண்ணீர்மலை

ஒருவழியாக என் பினாங்குத் தளத்தின் ஆர்.எஸ்.எஸ். ஓடைக்கு, அதாவது புதுக் கட்டுரைகளை வாசிப்பான் செயலிகளுக்கு அனுப்பும் பட்டியல் கோப்புக்கு, டபிள்யூ3சி என்ற வலைத் தர அமைப்பின் சோதனைக் கருவி பச்சைக்கொடி காட்டிவிட்டது. டெலிகிராம் சேனலுக்குப் புதுக் கட்டுரைகள் தானாகப் போகின்றன. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை நாள் என்னைப் படுத்தியது ஒரே ஒரு வரி. கட்டுரையின் தொடக்கத்தை முன்னோட்டமாக வெட்டித்தரும் வரி. ஓடையைத் திறப்பவர் கண்ணில் தலைப்புக்கு அடுத்துப் படுவது அந்த முன்னோட்டம்தான். உள்ளே வருவதும் அப்படியே கடந்துபோவதும் அங்கேயே முடிவாகிவிடும். என்னுடைய ஓடையோ எப்போதாவது ஒழுங்காக ஓடும், மற்ற நேரம் மொத்தமும் படுத்துவிடும்.

காரணம் இதுதான். ஓடையைத் தயாரிக்க இலவசமாகக் கிடைத்த பிஹெச்பி நிரல்மொழி வார்ப்புரு, சப்ஸ்ட்ர் என்ற வெட்டும் கட்டளையைப் போட்டு 300 பைட்டில் கத்தி வைத்தது. ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்து ஒரு பைட், கவலையில்லை. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்; எழுத்து ஒரு குறியீடு, அதோடு வரும் புள்ளியோ கொம்போ தனிக் குறியீடு. இடைவெளியும் காற்புள்ளியும் ஒவ்வொரு பைட்டாக நடுவில் புகுந்து கணக்கைக் கலைப்பதால், கத்தி பெரும்பாலும் எழுத்தின் வயிற்றிலேயே இறங்கும். ஓடை எழுதப்படும் எக்ஸ்எம்எல் வடிவமோ கறார் பேர்வழி. ஒரே ஒரு கட்டுரையில் ஒரு பைட் பிசகினாலும், சோற்றில் ஒரு கல்லுக்காகப் பானையையே கவிழ்ப்பதுபோல, ஓடை முழுவதையும் மறுத்துவிடும். எப்போதாவது கத்தி சரியான இடத்தில் விழுந்தபோது ஓடியதால்தான் கண்டுபிடிக்க இத்தனை காலம்.

சரி, பைட்டை விட்டுக் குறியீடுகளை எண்ணி வெட்டும் எம்பி_சப்ஸ்ட்ர் போட்டேன். ஓடை உடைவது நின்றது, தமிழ் உடைவது நிற்கவில்லை. பினாங்கு முருகன் கோயில் இருக்கும் ‘தண்ணீர்மலை’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பத்துக் குறியீடு. இரண்டாவதில் வெட்டினால் புள்ளி போய் ‘தண’ என்று நிற்கும். நான்காவதில் வெட்டினால் ‘தண்ண’. தைப்பூசக் கட்டுரையின் முன்னோட்டம் இப்படி முடிந்தால் யார் உள்ளே வருவார்கள்?

கிராஃபீம்_சப்ஸ்ட்ர் என்ற இன்னொரு கட்டளை புள்ளியையும் கொம்பையும் எழுத்தோடு சேர்த்தே பிடிக்கும். ஆனால் அதற்கு பிஹெச்பியோடு இன்ட்ல் என்ற நீட்டிப்பு வேண்டும். என் வழங்கி நிறுவனம் அதை இயக்கித்தர மேல்தொகுப்புக்கு மாறச் சொல்லி ரிங்கிட் கேட்டது. நான் மாறவில்லை. யோசித்துப் பார்த்தால் எழுத்தைக் காப்பாற்றி என்ன பயன்? ‘தண்’ என்று நின்றாலும் அசிங்கம்தான். இப்போது எம்பி_சப்ஸ்ட்ரால் 240 குறியீடு எடுத்து, எம்பி_ஸ்ட்ரர்பாஸால் கடைசி இடைவெளியைத் தேடி, அங்கே பின்வாங்கி மூன்று புள்ளி வைக்கிறேன். சொல் முழுசாக நிற்கிறது. எச்டிஎம்எல் குறிகளை வெட்டுவதற்கு முன்பே உரித்துவிடுங்கள், இல்லையென்றால் பாதி இணைப்பு தொங்கும். வரி உடையாத இடைவெளிக்கு எச்டிஎம்எல் வைத்திருக்கும் என்பிஎஸ்பி குறியீட்டையும் வெறும் இடைவெளியாக மாற்றிவிடுங்கள், எக்ஸ்எம்எல்லுக்கு அந்தப் பெயரே தெரியாது.

தேதியைத் தமிழாக்க மட்டும் ஆசைப்படாதீர்கள். ஆர்.எஸ்.எஸ். 2.0 கேட்பது ஆர்எஃப்சி 822 என்ற தர ஆவணத்தின் வடிவம்: மாதம் ஆங்கிலத்தில் மூன்றெழுத்து, நேரத்துக்குப் பின்னால் மலேசிய நேரத்துக்கான +0800.

டெலிகிராமில் படத்தோடு போகும் குறிப்புக்கு 1,024 எழுத்துதான் எல்லை. 240 தாராளமாக அடங்குகிறது. புலனம் (வாட்ஸ்அப்)தான் தலைவலி. லிட்டில் இந்தியா அண்ணன்மார் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள், அதுவோ ஓடையை நேரடியாக வாங்காது. இன்னும் கையால்தான் ஒட்டுகிறேன்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓடையில் தரும் தனி அடையாளமான ஜியுஐடி வேலை பாக்கி. இப்போது கட்டுரை முகவரியையே அடையாளமாகக் கொடுத்திருக்கிறேன். முகவரி மாறினால் பழைய கட்டுரையெல்லாம் புதுசு என்று மறுபடி எல்லார் வாசிப்பானிலும் கொட்டும். நிலையான எண்ணுக்கு மாற்ற வேண்டும், ஆனால் மனசு அதற்குள் ஒலியோடைக்குப் போய்விட்டது. ஒலிக்கோப்பை இணைக்கும் இன்க்ளோஷர் குறியில் முகவரி, பைட் அளவு, கோப்பு வகை மூன்றும் இருந்தால் போதும், அதே ஓடையிலேயே ஒலியும் போகும். அடுத்த தைப்பூசத்தில் வெள்ளி ரதம் வரும் வழியில் உறுமி மேளத்தைப் பதிவுசெய்து முதல் தொகுப்பாகப் போட ஆசை. அந்தச் சத்தத்தில் கரகரக்காத சின்ன மைக் யாராவது பினாங்கிலேயே வாங்கியிருந்தால் எந்தக் கடை, என்ன விலை என்று சொல்லுங்கள்.