சிறுநீரக மருந்து ஆய்வில் சேரும் முன்: டம்மி மாத்திரை விழுந்தால்?

"ஒரு ஸ்டடி நடக்குது, சேர்றீங்களா?" என்று நெஃப்ராலஜிஸ்ட் (சிறுநீரக டாக்டர்) கேட்டதும், நோயாளியும் வீட்டாரும் பெரும்பாலும் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "டம்மி மாத்திரை கொடுத்துட்டா என்ன சார் பண்றது?" நியாயமான பயம்: குலுக்கல் போலப் பிரித்து, சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரைதான் கொடுப்பார்கள். ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி இன்னொன்று இருக்கிறது: "டம்மி மாத்திரை விழுந்தவருக்கு அதோடு சேர்த்து வேறு என்னென்ன மருந்து கொடுப்பீங்க?"

டாபாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரையை நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளிடம் சோதித்த டாபா-சிகேடி ஆய்வை எடுத்துக்கொள்வோம். இந்தியா உட்பட 21 நாடுகளில் 4,304 பேர் சேர்ந்தார்கள். சரிபாதிக்கு டாபாக்ளிஃப்ளோசின் 10 மி.கி., மறுபாதிக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு பக்கத்தாரிலும் ஏறக்குறைய எல்லோருமே ரத்த அழுத்தத்தைக் குறைத்துச் சிறுநீரகத்தையும் காக்கும் லோசார்டன், ராமிப்ரில் வகை மாத்திரை ஒன்றை, உடம்பு தாங்கும் அளவில், ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். 2020-ல் வந்த முடிவு இது: சிறுநீரகத் திறன் பாதியாகக் குறைவது, டயாலிசிஸ் நிலைக்குப் போவது, சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ இறப்பது, இவற்றில் ஏதோ ஒன்று டம்மி பக்கம் 2,152 பேரில் 312 பேருக்கு நடந்தது, மருந்து பக்கம் அதே 2,152 பேரில் 197 பேருக்கு. வித்தியாசம் பெரிதாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே முடித்தார்கள்.

டம்மி பக்கத்தில் இருந்தவர்களில் 100-க்கு 85 பேருக்கு அந்தக் காலத்தில் இவை எதுவும் நடக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அவர்களை யாரும் கைவிடவில்லை. அன்றைக்கு இருந்த நல்ல சிகிச்சை அவர்களுக்கும் கிடைத்தது. ஆனால் அந்த "நல்ல சிகிச்சை" என்பது காலத்தோடு மாறும். 2020 அக்டோபரில் இந்தியாவில் டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து, பல கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்து, விலை இறங்கிவிட்டது. ஆகவே இன்று ஒரு புது மருந்து ஆய்வில் சேரும்போது, உங்களுக்குப் பொருந்தும் என்ற நிலையிலும் இந்த வகை மாத்திரை கொடுக்கப்படவில்லை என்றால், ஏன் என்று கேளுங்கள். டைப் 1 சர்க்கரை நோய், முன்பு கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தான நிலை) வந்தது, பிறப்புறுப்பில் அடிக்கடி பூஞ்சைத் தொற்று என்று உண்மையான காரணங்கள் இருக்கலாம். "ஆய்வு முடியட்டும், பிறகு தரலாம்" என்பது மட்டுமே பதில் என்றால் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம்.

புது மாத்திரை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்ற எண்ணமும் தவறு. பார்டாக்ஸலோன் என்ற மருந்து இஜிஎஃப்ஆர் எண்ணை, அதாவது சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண்ணை, ஏற்றிக் காட்டியது. சிறுநீரகம் திரும்பி வருகிறது என்றே பலரும் நம்பினார்கள். சர்க்கரை நோயோடு நான்காம் நிலை சிறுநீரக நோயும் இருந்த 2,185 பேரை வைத்து நடந்த பீக்கன் ஆய்வை 2012 அக்டோபரில் நிறுத்த வேண்டியதாயிற்று. இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் அல்லது இறந்தவர்கள் மருந்து பக்கம் 96 பேர், டம்மி பக்கம் 55 பேர். ரத்தசோகைக்கு டார்பிபோயட்டின் ஊசி போட்டு ஹீமோகுளோபினை 13-க்குக் கொண்டுபோகப் பார்த்த ட்ரீட் ஆய்வில் பக்கவாதம் 101 பேருக்கு வந்தது. டம்மி பக்கம் 53 பேருக்கு. ரிப்போர்ட்டில் எண் அழகாவது வேறு, உடம்பு தேறுவது வேறு. இவ்வளவு பேரைச் சேர்த்து, இத்தனை வருடம் பார்ப்பது அதற்காகத்தான்.

சேர்வதற்கு முன் ஸ்கிரீனிங், அதாவது தகுதிப் பரிசோதனை. டாபா-சிகேடியில் இஜிஎஃப்ஆர் 25 முதல் 75 வரை, சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் (ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்ற கணக்கு) 200 முதல் 5,000 வரை இருக்க வேண்டும் என்பது விதி. எல்லை ஓரத்தில் இருப்பவர்களை சாம்பிள் எடுக்கும் விதமே உள்ளேயும் வெளியேயும் தள்ளிவிடும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைத்தான் கொடுக்க வேண்டும். முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி, இவை எல்லாமே ஆல்புமினைக் கூட்டிக் காட்டும். முந்தின இரவு மட்டன் சாப்பிட்டுவிட்டுப் போனால் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறி, இஜிஎஃப்ஆர் குறைந்ததுபோலத் தெரியலாம். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரையும் அப்படித்தான்: சிறுநீரகம் கெடாமலே கிரியேட்டினின் ஏறும், பொட்டாசியமும் ஏறும். ஸ்கிரீனிங்கில் தகுதி பெறவில்லை என்றால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. சாம்பிள் தவறியிருந்தால், மறுபடி எடுக்க ஆய்வின் விதிமுறையில் இடமிருக்கிறதா என்று கேட்கலாம்.

பொட்டாசியம் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய ஃபினரினோன் என்ற சிறுநீரக மருந்தைச் சோதித்த ஃபிடெலியோ ஆய்வில் சேர, பொட்டாசியம் 4.8-க்கு மேல் இருக்கக் கூடாது; பிறகு 5.5-ஐத் தாண்டினால் மாத்திரையை நிறுத்திவைத்து, 5.0-க்கு இறங்கியதும் மறுபடி தொடங்குவார்கள். இவ்வளவு குறுகிய இடைவெளியில் ரத்தம் எடுக்கும் நாற்காலியில் நடப்பதற்கும் பங்கு உண்டு. கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, நரம்பு தெரியவில்லை என்று "கையை மூடித் திறங்க, மூடித் திறங்க" என்பார்கள். நாலைந்து தடவை முஷ்டியை இறுக்கினாலே தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கசியும். ஊசியை வேகமாக இழுத்து ரத்த அணுக்கள் உடைந்தாலும், டியூபை லேபுக்கு அனுப்பாமல் மணிக்கணக்கில் மேசையில் வைத்தாலும் அதேதான். கையைத் தளர்வாக வையுங்கள். எதிர்பாராமல் 5.6 என்று வந்தால், மறுபடி ஒரு சாம்பிள் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஆனால் டாக்டர் சொல்லும்வரை அதை உண்மையான எண்ணாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள். வீட்டில் இளநீர், "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கும் பாக்கெட், இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும்.

மருந்து ஆரம்பித்தபின் பலரைப் பதற வைப்பது முதல் சில வாரங்களில் இஜிஎஃப்ஆர் சற்று இறங்குவது. டாபாக்ளிஃப்ளோசின் வகை மருந்துகள் சிறுநீரக வடிகட்டிகளின் உள் அழுத்தத்தைக் குறைக்கின்றன. அதனால் எண் முதலில் சில புள்ளிகள் இறங்கி, பிறகு மெதுவாக மட்டுமே குறையும். டம்மி சாப்பிடுபவருக்கு அந்த முதல் இறக்கம் இருக்காது, ஆனால் சரிவு வேகமாகப் போகும். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. காலி ஸ்ட்ரிப்பையும் மிச்ச மாத்திரையையும் ஒவ்வொரு விசிட்டுக்கும் கொண்டுபோக வேண்டும், எண்ணிப் பார்ப்பார்கள். விட்ட நாட்களை மறைக்காதீர்கள். சாப்பிடாததைச் சாப்பிட்டதாகச் சொன்னால் கணக்கு கெடுவதோடு உங்கள் பாதுகாப்பும் கெடும்.

வாந்தி, பேதி என்று சாப்பாடு இறங்காத நாளில் மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டுமா என்று ஆய்வுக் குழுவுக்கு அன்றே போன் செய்யுங்கள். டாபாக்ளிஃப்ளோசின் வகையில் சர்க்கரை அளவு இயல்பாகத் தெரியும்போதே கீட்டோஅசிடோசிஸ் வரலாம். ஆய்வில் இருக்கிறீர்கள் என்று எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். அவசரத்தில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால், உங்களுக்கு எந்த மாத்திரை என்பதை ரகசியம் உடைத்துச் சொல்ல வழி இருக்கிறது. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள். நாட்டு மருந்து சாப்பிடுபவர்கள் திட்டு விழுமோ என்று மறைக்கிறார்கள். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். ஆடுதீண்டாப்பாளை அரிஸ்டலோகியா குடும்பத்துச் செடி. அந்தக் குடும்பத்தில் இருக்கும் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும்.

ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கக் கேளுங்கள். புரியும் மொழியில் தர வேண்டும், கையெழுத்துப் போட்டபின் ஒரு பிரதி உங்களுக்கு உரியது. நியமனதாரர் (நாமினி) பெயர், உறவு, முகவரி எழுதும் இடத்தைக் காலியாக விடாதீர்கள். உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போகும் என்பது அங்கேதான் இருக்கிறது. 2019 புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வால் ஏற்பட்ட பாதிப்புக்கு இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. தீவிர பாதிப்பு ஏற்பட்டால், தெரியவந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வு மருத்துவர் அதை அறிவிக்க வேண்டும். டம்மி பக்கம் இருந்தவருக்கு ஆய்வின் விதிமுறையில் சொன்ன வழக்கமான சிகிச்சை கிடைக்கக்கூடியதாக இருந்தும் தரப்படாமல் பாதிப்பு ஏற்பட்டால், அதுவும் இழப்பீட்டுக்குரியது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. அதனால்தான் முதலில் சொன்ன கேள்விக்கான பதிலை எழுத்தில் பாருங்கள்: படிவத்திலோ அதோடு வரும் தகவல் தாளிலோ, எந்த மருந்துகள் இரண்டு பக்கத்துக்கும் தொடரும் என்று இருக்க வேண்டும்.

சேரும் முன் ஆய்வின் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) எண்ணைக் கேட்டு, அந்த அரசுப் பதிவேட்டில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நோயாளிகளின் பாதுகாப்பைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி, உங்கள் ஆஸ்பத்திரியின் பெயர், சேர்க்கை நிபந்தனைகள் மூன்றையும் படிவத்தோடு ஒப்பிடுங்கள். எண்ணே இல்லை என்றால் சேராதீர்கள். கடைசியாக ஒன்றைக் கேளுங்கள்: ஆய்வு முடிந்த மறுநாள் இந்த மருந்து எனக்கு யார் தருவார்கள்? வேறு மாற்று சிகிச்சை இல்லாமல், ஆய்வு மருத்துவர் எழுத்தில் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டால், நடத்தும் கம்பெனி இலவசமாகத் தருவதற்கு விதியில் வழி இருக்கிறது. அதற்கான பேச்சைக் கடைசி விசிட்டில் ஆரம்பித்தால் தாமதமாகிவிடும். மாத்திரை தீர மூன்று மாதம் இருக்கும்போதே எழுதிக் கொடுங்கள்.