கோடு எங்கே விழுகிறது

மேசையில் விரித்த ஜாவா வரைபடம். இந்தோனேசிய விடுதலைப் போரில் டச்சுத் தரப்பு வரைந்த போர்நிறுத்தக் கோடு, வான் மூக் கோடு. அதன் மேல் பென்சில் நகர்கிறது.

கோட்டுக்கு டச்சுப் பக்கத்தில் எத்தனை மலை, எத்தனை கிராமம்!

1947 ஜூலையில் டச்சுப் படை நெடுஞ்சாலைகளைப் பிடித்துக்கொண்டு விரைந்தது. சாலையோர நகரங்கள் விழுந்தன. பின்னால் விட்டுப்போன மலைகளில் இந்தோனேசியக் குடியரசின் வீரர்கள் அப்படியே இருந்தார்கள்.

ஆகஸ்ட் 1 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை சண்டையை நிறுத்தச் சொன்னது. டச்சு நிர்வாகத் தலைவர் வான் மூக் தன் பெயர் பெற்ற இந்தக் கோட்டை அறிவித்தது ஆகஸ்ட் 29 அன்று. டச்சுப் படையின் முன்னணி முனைகளை ஒன்றோடொன்று இணைத்த கோடு அது. இடையில் கிடந்த நிலமெல்லாம் டச்சுக்கு என்று கணக்கு.

போர்நிறுத்தப் பேச்சில் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: யார், எந்தத் தேதியில் நின்ற இடத்தை வைத்துக் கோடு?

1948 ஜனவரி 17. ஜகார்த்தாவின் துறைமுகமான தஞ்சோங் பிரியோக்கில் நங்கூரமிட்ட அமெரிக்கக் கப்பல் ரென்வில்லில், அந்தக் கோட்டை ஏற்கும் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்து. கோட்டின் டச்சுப் பக்கத்தில் இருந்த குடியரசுப் படைகள் வெளியேற வேண்டும். இந்தோனேசியத் தரப்பில் பிரதமர் அமீர் ஷரிபுத்தீன். ஒரு வாரத்துக்குள் அவர் பதவி போனது.

தோற்காத குடியரசுப் படைப்பிரிவான சிலிவாங்கி, சொந்த மண்ணான மேற்கு ஜாவாவை விட்டு ரயிலிலும் கப்பலிலும் மத்திய ஜாவாவுக்குப் போனது. அதை அவர்கள் 'ஹிஜ்ரா' என்றார்கள்; நபிகள் மக்காவை விட்டு மதீனாவுக்குப் போன பயணத்தின் பெயர் அது. அந்தச் சொல்லில் எவ்வளவு வலி.

டிசம்பர் 19 அன்று டச்சுப் படை ஒப்பந்தத்தை மீறி, குடியரசின் தலைநகரான யோக்யகர்த்தாவைத் தாக்கியது.

சிலிவாங்கி வீரர்கள் மேற்கே திரும்பினார்கள். இந்த முறை நடந்தே, குடும்பங்களோடு.