அந்தப் பதினொன்றும் இப்ப எப்பிடி?

கிளிநொச்சியில் ஒரு பயிற்சி நிலையத்தில் வேலை செய்கிறேன். கூட்டுறவுச் சங்க முகாமையாளர்கள், கமக்கார அமைப்புக்காரர், சிறுதொழில் செய்யும் பெண்கள் எல்லாரும் படிக்க வருவார்கள். வியாபாரம், தலைமைத்துவம் பற்றிப் புத்தகம் எழுதியவர்கள் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்தால், அவர்களோடு மேடையில் இருந்து கதைப்பது என் பொறுப்பு.

முதல் அரைமணி நேரம் அநேகமாக வீண். எழுதத் தூண்டியது எது என்று கேட்டால் முன்னுரையையே ஒப்புவிப்பார்கள். ஆட்களில் பிழையில்லை, கேள்வி அப்படி. இப்போது நான் அதைக் கேட்பதில்லை. நீங்கள் புகழ்ந்த கொம்பனிகளில் எது படுத்துவிட்டது என்றுதான் தொடங்குகிறேன்.

இதை எனக்குப் பழக்கியவர் அரிசி ஆலை நடத்தும் ஒரு அக்கா. ஜிம் கொலின்ஸ் 2001இல் எழுதிய 'குட் டு கிரேட்' நூலை வைத்து, சாதாரண நிலையிலிருந்து உச்சிக்கு ஏறிய 11 கொம்பனிகளைப் பற்றி ஓர் எழுத்தாளர் விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா எழும்பினா. "சேர், அந்தப் பதினொன்றும் இப்ப எப்பிடி இருக்கு?"

மனிதர் சிரித்துவிட்டு உள்ளதைச் சொன்னார். மின்சாதனக் கடைகள் வைத்திருந்த சேர்கிட் சிட்டி 2008இல் வங்குரோத்தானது. அதே ஆண்டு வீட்டுக்கடன் நிறுவனமான ஃபனி மேயை அமெரிக்க அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. பெரிய நிறுவனங்கள் விழுவதைப் பற்றி கொலின்ஸே 2009இல் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். அப்புறம் கதை எங்கேயோ போனது. தான் நடத்தி மூடிய ஒரு தொழிலைப் பற்றி எழுத்தாளர் சொல்லத் தொடங்கினார். அவருடைய எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

அக்கா விடவில்லை. "வேலை செய்த பிள்ளையளுக்குச் சம்பளம் குடுத்து முடிச்சீங்களோ?"

"கடைசி மாதம் பாதிதான் குடுத்தேன்" என்றார். மண்டபத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எல்லோரும் பேனையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

இன்னோர் எழுத்தாளரை, எங்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் (கோடைகால நெற்செய்கை) எவ்வளவு செய்வது என்று தீர்மானிக்கும் கூட்டத்துக்குக் கூட்டிப் போனேன். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்பது முடிவாகும். எல்லாக் காணிக்கும் காணாது. அரசாங்க அதிபர் தலைமை தாங்க, நீர்ப்பாசனப் பொறியியலாளர் கணக்குச் சொல்ல, கமக்காரர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையில் முடிவெடுப்பது யார் என்று எழுத்தாளர் பக்கத்திலிருந்த ஐயாவிடம் கேட்டார். "வாய்க்கால் கடைசியில வயல் வைச்சிருக்கிறவன் ஓமெண்டால் கூட்டம் முடிஞ்சுது, தம்பி."

அதை அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த புத்தகத்தில் தேடினேன், இல்லை. ஒரு விமான நிறுவனத்தின் கதைதான் இருந்தது. கேட்டதற்கு, இரணைமடு எங்கே இருக்கிறது என்று விளக்கவே ஒரு பக்கம் போய்விடுமே என்றார். போனால் என்ன? பொது வளங்களை ஊரவர் சேர்ந்து நிர்வகிப்பது பற்றி எலினோர் ஒஸ்ட்ரம் 1990இல் எழுதிய நூலில் எங்கள் நாட்டுக் கல்ஓயா வாய்க்கால்களுக்கு இடமிருந்தது, 2009இல் அவருக்குப் பொருளியல் நோபலும் கிடைத்தது என்று சொல்லிப் பார்த்தேன்.

"அது வியாபாரப் புத்தகம் இல்லையே" என்றார்.