முன்பக்க ஷொக் அப்சோபர் மாற்றும் செலவு

எங்கள் வீட்டுக் கார் 2008ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்ட டொயோட்டா எக்சியோ. அண்மையில், மேடுபள்ளங்களில் காரின் ஆட்டத்தை அடக்கும் அதன் முன்பக்க ஷொக் அப்சோபர்கள் இரண்டையும் மாற்றியபோது மொத்தச் செலவு 88,500 ரூபாய் ஆனது. ஷொக் சோடி 52,000, அவற்றின் மேலே பொருந்தும் மவுண்ட் சோடி பெயாரிங்குடன் 17,000, இறப்பர் உறையும் தடுப்பு இறப்பரும் 7,000, கூலி 9,000, சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் எலைன்மன்ட் 3,500. கூலி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்களவே என்பதால், செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது சாமானின் விலையில்தான். என் கருத்தில் அது தவறான இடம். பணத்தை மிச்சம் பிடிக்கக்கூடிய இடம், எந்தப் பாகம் பழுது என்று உறுதிசெய்யும் கட்டத்திலேயே இருக்கிறது.

இலங்கையில் சாமானின் விலை ஏன் இப்படி நிற்கிறது என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களிலேயே 360 ரூபாயை எட்டியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உயர்ந்தது. வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் விற்றுவிட்டுப் புதிதாக வாங்கியிருக்கக்கூடிய கார்களையெல்லாம் நாம் பழுதுபார்த்தே ஓட்டினோம். ஆகவே பதினைந்து வயதைக் கடந்த காருக்கு இவ்வளவு செலவழிப்பதா என்று கேட்பவர்களிடம், அதே நிலையிலுள்ள இன்னொரு காரின் இன்றைய சந்தை விலையைச் சொன்னால் போதும்.

முன்பக்கத்தில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டவுடன் ஷொக் போய்விட்டது என்று தீர்ப்பளிக்கும் கராஜ்கள் கொழும்பில் குறைவில்லை. எங்களுக்கும் ஓரிடத்தில், காரைத் தூக்கிப் பார்க்காமலே, நான்கையும் மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டது. பள்ளத்தில் மெதுவாக இறங்கும்போது வரும் சத்தத்துக்கு ஷொக்கை விட, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கும், சில்லைத் தாங்கும் கீழ்க்கையின் இறப்பர் புஷ்ஷும் காரணமாக இருப்பது அதிகம். லிங்க்கின் விலை ஷொக்கின் விலையில் சிறு பகுதிதான். தரிப்பிடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘கிடுக்’ என்று ஸ்பிரிங் துள்ளினால், மேலேயுள்ள மவுண்ட்டின் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். உண்மையில் ஷொக் பழுதாகியிருந்தால் அதன் உடலில் எண்ணெய் வழிந்து தூசியோடு சேர்ந்து அப்பிக்கிடக்கும், டயரின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாகத் தேயும், வேகத்தடையைக் கடந்த பின்னும் முன்பக்கம் ஆடி அடங்க நேரமெடுக்கும். மெல்லிய ஈரக்கசிவு மட்டும் தெரிந்தால் அது பழுது அல்ல. பொனட்டைக் கையால் அமுக்கிப் பார்க்கும் பழைய சோதனை, முற்றாகச் செத்துப்போன ஷொக்கை மட்டுமே காட்டிக்கொடுக்கும். எங்கள் காரில் இடது பக்கத்து ஷொக்கில் எண்ணெய் வழிந்திருந்ததை, நான் நம்பும் மெக்கானிக் சில்லைக் கழற்றிக் காட்டிய பிறகே மாற்றச் சம்மதித்தேன். வலது பக்கம் உலர்ந்திருந்தபோதும் இரண்டையும் மாற்றினோம். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் தளர்ந்ததுமாக இருந்தால், பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் கார் இருபுறமும் ஒரேமாதிரி நடந்துகொள்ளாது.

அடுத்தது, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. அங்கே மூன்று வகைத் தெரிவுகள் உண்டு: ஜப்பானிலிருந்து கழற்றி வரும் பாவித்த ஷொக், கயாபா போன்ற தயாரிப்பாளர்களின் புதிய ஷொக், பெயர் தெரியாத மலிவான புதியது. பாவித்ததைப் புதியதன் பாதி விலைக்கும் குறைவாகத் தருவதாகச் சொன்னார்கள். கயாபா நிறுவனம் 80,000 கிலோமீற்றரில் ஷொக்கைப் பரிசோதித்து மாற்றும்படி பரிந்துரைக்கிறது. கழற்றி வந்தது அதில் எவ்வளவு ஓடி முடித்தது என்பதைக் கடைக்காரரும் அறியமாட்டார். ஆறு மாதத்தில் அது தளர்ந்தால் கூலியும் எலைன்மன்ட்டும் மறுபடி முழுதாகக் கொடுக்க வேண்டும். எஞ்சின், கியர்பொக்ஸ் போன்றவற்றில் பாவித்ததை வாங்குவதை நான் எதிர்ப்பவன் அல்லன்; ஆனால் உராய்வாலும் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலின் தேய்வாலும் சாகும் ஒரு பாகத்தில் அது சூதாட்டம். எண்ணெய் நிரப்பிப் பழுதுபார்த்துத் தருவதாகச் சொல்பவர்களையும் இதே காரணத்தால் தவிர்த்தேன். பெயர் பெற்ற தயாரிப்புகளுக்குப் போலிகளும் இருப்பதால், விலைப்பட்டியலில் பாகத்தின் இலக்கத்தை எழுதித்தரும் கடையிலேயே வாங்கினேன்.

முன்பக்க ஷொக்கை மாற்றுவதில் உழைப்பு முழுவதும் ஸ்பிரிங்கோடு கூடிய தொகுதியைக் கழற்றிப் பிரிப்பதிலேயே இருக்கிறது. ஸ்பிரிங்கை அதற்குரிய கருவியால் அமுக்கிப் பிடித்த பின்பே உச்சி நட்டைக் கழற்ற வேண்டும்; கருவி நழுவினால் ஆளைக் கொல்லும் விசை அதில் அடைபட்டிருக்கிறது. இதை முற்றத்தில் வைத்துச் செய்து பார்க்கலாம் என்று ஊக்கப்படுத்தும் காணொளிகளை நான் பொருட்படுத்துவதில்லை. பிரித்த நேரத்தில் மவுண்ட், பெயாரிங், இறப்பர்களை மாற்றாமல் விட்டால், பின்னர் அவற்றுக்காகவே இதே வேலையை மீண்டும் செய்ய நேரிடும். ஆகவே அந்த 24,000 ரூபாய் எனக்கு உறுத்தவில்லை. நாங்கள் வெள்ளவத்தையில் கடற்கரைக்கு அருகே குடியிருப்பதால், ஸ்பிரிங் உட்காரும் தட்டில் உப்புக்காற்றின் துரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் பார்க்கச் சொன்னேன். ஸ்பிரிங்கின் அடிச்சுற்றில் பூச்சு உரிந்திருந்தது, விரிசல் இல்லை. அதையே திரும்பப் போட்டோம்.

ஷொக்கைச் சில்லின் அச்சுப் பகுதியோடு இணைக்கும் இரண்டு போல்ட்களையும் கழற்றிப் பூட்டும்போது சில்லின் சாய்வு சற்றேனும் மாறிவிடும். எலைன்மன்ட் செய்யாமல் அனுப்பிவைக்கும் கராஜ் மூவாயிரம் சொச்சத்தை மிச்சப்படுத்தித் தருவதாகத் தோன்றலாம்; டயரின் உள்விளிம்பு தேய்ந்து அதைவிடப் பல மடங்கு விலை கேட்கும்.

பின்பக்கத்தை இப்போதைக்குத் தொடவில்லை. எக்சியோவின் பின்புறத்தில் ஸ்பிரிங்கும் ஷொக்கும் தனித்தனியாக இருப்பதால், அங்கே ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரிக்கும் வேலையே இல்லை, கூலியும் குறைவு. அவை இரண்டும் உலர்ந்தே இருக்கின்றன. அடுத்த சேர்விஸின்போது காரை மேலே தூக்கியதும் முதலில் பார்க்க வேண்டியவற்றில் அவற்றையும் எழுதிவைத்திருக்கிறேன்.