மொய் நோட்டும் என் செயலியும்: ஆடி மாதக் குறிப்புகள்

17 ஜூலை 2025, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ஊரெல்லாம் ஜவுளிக்கடைத் தள்ளுபடி, எனக்குக் காலை ஆறரைக்கே என் செயலியை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடமிருந்து போன். "தம்பி, போன வருசக் கணக்கு ஆப்புல எங்க இருக்கு?" அவர் போனை மாற்றியிருக்கிறார், பழைய போன் பேரனிடம் விளையாடப் போயிருக்கிறது. பேரனிடமிருந்து போனைப் பிடுங்கி, பேக்கப் எடுத்து, புதியதில் ஏற்றி முடிப்பதற்குள் எனக்கு இட்லி ஆறிப்போனது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: மூன்று வருடமாக ஒற்றை ஆளாக மொய்க் கணக்குச் செயலி ஒன்றை நடத்துகிறேன். சோறு போடுவது வெளியூர் கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கும் வேலை, இது வீண்பிடிவாதம். எங்கள் பக்கம், புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், அந்தப் பக்கம் பேராவூரணி வரை, ஆடியில் கல்யாணம் கிடையாது, மொய் விருந்து உண்டு. நாலைந்து பேர் சேர்ந்து பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள், வந்தவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள், அந்தப் பணத்தில் ஒருவர் போர் போடுவார், ஒருவர் கடை வைப்பார், ஒருவர் மகளைக் கல்லூரியில் சேர்ப்பார். வட்டியில்லாக் கடன். நமக்குச் செய்தவர் விருந்து வைக்கும்போது நாம் திருப்பிச் செய்யவேண்டும், அதோடு கொஞ்சம் கூட்டி வைப்பதுதான் மரியாதை. கூட்டி வைத்தது புது மொய், இப்போது அது அவர் தலையில். ஆக இந்தக் கணக்கு முடியவே முடியாது. அதனால்தான் எனக்கு இதைப் பிடித்தது என்று நினைக்கிறேன், இது என் கழுத்தைப் பிடித்திருப்பதும் அதனால்தான்.

இரவு பார்த்தால் ஒரு நட்சத்திரத்தோடு ஒரு விமர்சனம்: "ஆப் சூப்பர். ஆனா காசு கேக்குது." 149 ரூபாய், ஒரே தடவை. அதிலும் செயலிக் கடையான கூகுள் பிளேக்குப் பதினைந்து சதவீதம் போகும். லட்சக்கணக்கில் மொய் எழுதுகிற கைக்கு 149 வலிக்கிறது. வலிக்கட்டும், நானும் இலவசச் செயலிகளாகத் தேடி இறக்குகிறவன்தானே.

20 ஜூலை, ஞாயிறு

கௌரி அக்கா கணக்கில் இல்லை என்று ஒரு வீட்டில் சண்டை. போன வருடம் ஆயிரம் செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது, செயலியில் தேடினால் வரவில்லை. பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போனால் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

விஷயம் இதுதான். 'கௌ' என்பதில் வலப்பக்கம் இருப்பது பார்வைக்கு ள மாதிரியே இருக்கும், ஆனால் எழுத்துக்கெல்லாம் கணினி எண் கொடுக்கும் யூனிகோடில் அது ள இல்லை, ஔகாரக் குறியின் ஒரு பாதி. பாதிப் பேர் கெ அடித்து, பக்கத்தில் ள அடித்து 'கெள' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு. கொம்பும் காலுமாகத் தனித்தனியே வந்த 'கொ'வை ஒன்றாக்குவதற்கு யூனிகோடே வழி வைத்திருக்கிறது, இதற்கு வைக்கவில்லை, வைக்கவும் முடியாது, ஏனென்றால் ள உண்மையிலேயே ஓர் எழுத்து.

சரி, ஒற்றைக்கொம்புக்குப் பின்னால் ள வந்தால் ஔகாரமாக்கு என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, பெருமையாக ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், வெள்ளைச்சாமிகள் அத்தனை பேரும் ஔகாரத்தின் தலையில் புள்ளி வைத்த ஏதோ ஒரு பிராணியாக மாறி நிற்கிறார்கள். எங்கள் ஊரில் தெருவுக்கு இரண்டு வெள்ளைச்சாமி. நல்லவேளை, என் போனில் மட்டும். ள-வுக்குப் பின்னால் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் தொடாதே என்று சேர்த்த பிறகு சரியானது. அதையும் சேமித்த பெயரில் கைவைக்காமல், தேடும்போது மட்டும் செய்யும்படி மாற்றினேன். அடுத்தவர் பெயரை நான் திருத்தக்கூடாது. அவர் கெள என்று எழுதினால் கெள-தான்.

24 ஜூலை, வியாழன்

சித்தப்பா மகன் ஒரு மொய்ச் செயலி செய்திருக்கிறான். இரண்டு நாளில். ஏஐயிடம் சொல்லச் சொல்ல அது எழுதிக் கொடுத்ததாம். இப்படி எழுதுவதற்கு ஏஐ ஆராய்ச்சியாளர் ஆந்த்ரே கர்பாத்தி இந்த வருடம் பிப்ரவரியில் 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தார், ஜூலைக்குள் அது ஆலங்குடி தாண்டி வந்துவிட்டது. பார்ப்பதற்கு என்னுடையதைவிட அழகு, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வயிறு கொஞ்சம் எரிந்தது.

எரிச்சலோடு பட்டியலைப் பார்த்தேன். அமுதா மேலே, அம்மாசி கீழே. அகராதியில் ம் முதலில், ம அப்புறம்தானே? யூனிகோடின் எண் வரிசையில் புள்ளிக்கு எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிந்தைய இடம், அதனால் எண்ணை வைத்து அடுக்கினால் மெய்யெழுத்து வரிசையின் கடைசிக்குப் போய்விடும். நானும் முதல் வருடம் இதே தப்பைத்தான் செய்தேன், மொய் எழுதுகிற ஒரு பெரியவர்தான் "பள்ளிக்கூடம் போனியா நீ?" என்று கேட்டுத் திருத்தினார். தம்பியிடம் சொன்னேன். "யாருண்ணே வரிசையெல்லாம் பாக்குறா, சர்ச் இருக்குல்ல?" என்றான். கௌரியைப் பற்றி நான் அவனிடம் வாயே திறக்கவில்லை. தானாகத் தெரிந்துகொள்ளட்டும்.

27 ஜூலை, ஞாயிறு

மாமா வீட்டு விருந்து. ஐந்து பேர் சேர்ந்து வைத்தது. பந்தலில் ஆளுக்கொரு மேசை, மேசைக்கு ஒருவர் எழுத, ஒருவர் பணம் வாங்க, நோட்டு எண்ணும் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் மேசையில் மட்டும் என் டேப்லெட். பக்கத்து மேசையில் எழுதியவர் பேர், ஊர், தொகை, மூன்றையும் ஒரே மூச்சில் எழுதி முடிக்கும்போது நான் ஊர்ப்பெயரின் முதல் இரண்டு எழுத்தில் இருந்தேன். முன்னாலேயே அடித்து வைத்த பெயர்கள் என்றால் நான் வேகம், புது ஆள் வந்தால் அவர் வேகம். வெயில் ஏறியதும் டேப்லெட் சூடாகித் திரை மங்கிவிட்டது. கல்யாண வீட்டு விசிறியை அதற்குப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஃபோட்டோ எடுத்தவன் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள்.

கியூஆர் அட்டையும் ஒட்டி வைத்திருந்தோம். யுபிஐயில் பணம் வரும், பெயர் ஆங்கிலத்தில் வரும், அதுவும் பாதி நேரம் போன் வைத்திருக்கும் மகன் பெயராக இருக்கும். மொய் யார் பெயரில் என்பது வங்கிக்குத் தெரியாது. அதை வாயால்தான் சொல்லவேண்டும், சொல்வதற்குள் பின்னால் நிற்பவர் நெருக்குவார்.

இதற்கு நடுவில் மாமா ஒரு நீள நோட்டை எடுத்து வந்து வைத்தார். "மாப்ளே, நீ அதுல எழுது. ஒரு ஆளு இதுலயும் எழுதட்டும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுத ஆள் கூப்பிட்டேன்.

30 ஜூலை, புதன்

தம்பி அவன் செயலியைக் கடையில் ஏற்ற அலைகிறான். கூகுள் பிளேயில் தனிநபர் கணக்கு புதிதாகத் தொடங்கினால், பன்னிரண்டு பேர் பதினான்கு நாள் விடாமல் சோதித்துப் பார்த்த பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்க முடியும், முன்பு இருபது பேர். பன்னிரண்டு பேருக்கு எங்கே போவது? அதற்கென்றே டெலிகிராமில் குழுக்கள் இருக்கின்றன: நீ என்னுடையதை இறக்கு, நான் உன்னுடையதை இறக்குகிறேன், ஸ்கிரீன்ஷாட் அனுப்பு. யார் யாருக்குச் செய்தார்கள் என்று ஒரு ஷீட் வேறு. தம்பி அதைக் காட்டியபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. பழைய மொய், புது மொய், எல்லாம் இருக்கிறது, கறிச்சோறு மட்டும்தான் இல்லை.

2010 வாக்கில் தமிழ் வலைப்பதிவில் திரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. பதிவு போட்டு ஒரு நிமிடத்தில் "மீ த ஃபர்ஸ்ட்டு" என்று ஒருவர் வருவார், இரண்டாவதாக வந்தவர் "வடை போச்சே" என்பார், மூன்றாமவர் ஓட்டுப் போட்டுவிட்டு "மொய் வச்சாச்சு" என்று எழுதிவிட்டுப் போவார். பதிவைப் படித்தாரா என்று யாரும் கேட்க மாட்டோம், அவர் பதிவுக்கு நாமும் போய் வைப்போம். இப்போது அதற்குப் பெயர் எங்கேஜ்மென்ட், அதை அளக்கத் தனியாகச் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு, ஆடிப்பெருக்கு

சித்திரான்னம் நாலு வகை. வயிறு நிறைந்த கையோடு மெயிலைத் திறந்தது தப்பு.

ஏழு பேர், ஏழு பேருமே ஒரே கோரிக்கை: கிளவுடில் வையுங்கள். முதல் நாளிலிருந்து நான் மறுத்து வருவது அது ஒன்றைத்தான். கணக்கெல்லாம் அவரவர் போனில், ஒரே ஒரு எஸ்கியூலைட் (SQLite) தரவுத்தளக் கோப்பு. என் சர்வரில் ஒரு ஊரே யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்ற விவரம் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. அதோடு சர்வர் வாடகையை எத்தனை வருடம் கட்டுவேன்? கூகுளின் சமூகத்தளம் ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ல் மூடியது, வலைப்பதிவுகளைத் திரட்டிப் படிக்க உதவிய கூகுள் ரீடர் அதற்கு முந்தைய வருடம் ஜூலை 1-ல். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே ஒரு நாள் போதும் என்று தோன்றிவிட்டது. நான் எம்மாத்திரம்? ஆர்குட்டில் எனக்கு வந்த டெஸ்டிமோனியல்கள் போனது உண்மையில் நல்லதுதான், அது வேறு கதை.

மொய் அப்படி இல்லை. மாமா வீட்டு பீரோவில் 1987-ல் தொடங்கிய நோட்டு இருக்கிறது. அதில் 21 ரூபாய் செய்தவர் இறந்துவிட்டார், அவர் மகனுக்கு 2019-ல் திருப்பிச் செய்ததும் அதே பக்கத்தில் ஓரமாக எழுதியிருக்கிறது. முப்பத்திரண்டு வருடம். நான் எழுதிய எந்த நிரலும் ஐந்து வருடம் தாண்டி ஓடியதில்லை.

எஸ்கியூலைட்டை எழுதுகிறவர்கள் 2050 வரை அதைப் பராமரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தொழிலில் இப்படி வருடம் போட்டுச் சொல்கிற ஆட்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மாமாவிடம் சொன்னேன். "2050-ல நீ எங்க இருப்ப?" என்று கேட்டார். எனக்கு அப்போது அறுபத்தெட்டு வயது இருக்கும். அதை மட்டும் சொன்னேன்.

9 ஆகஸ்ட், சனி

2008-ல் அக்கா கல்யாணத்து மொய்யை பிரவுசிங் சென்டரில் கொடுத்து எக்செல்லில் அடித்து வாங்கியிருந்தோம், ஊரிலேயே முதல் கம்ப்யூட்டர் மொய் என்று அப்பாவுக்கு அப்படி ஒரு பெருமை. சிடி கிடைத்தது, சிடி போட டிரைவ் கிடைக்கவில்லை, ஜெராக்ஸ் கடைக்காரர் தயவில் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்த பாமினி எழுத்துருவில் அடித்தது. அதில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்துரு இல்லாவிட்டால் கருப்பையாவும் சின்னப்பாவும் வெறும் கிறுக்கல்.

இரவு உட்கார்ந்து ஒரு மாற்றி எழுதினேன். பாமினியில் ஒற்றைக்கொம்பும் ஐகாரக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் அடிக்கப்படும், யூனிகோடில் பின்னால் வரவேண்டும், அதனால் நிரல் ஒவ்வொரு கொம்பையும் தூக்கி எழுத்துக்கு அந்தப் பக்கம் வைக்கிறது. பெயர்கள் ஒவ்வொன்றாகத் தமிழாகி வந்தன. நடுவில் ஒரு வரி: தொகைக்கு நேராக எண் இல்லை, "பித்தளைக் குடம் 1" என்று இருந்தது. அந்தக் குடம் இன்னும் அம்மாவிடம் இருக்கிறது. என் செயலியில் தொகைக் கட்டத்தில் எண்ணைத் தவிர வேறெதுவும் அடிக்க முடியாது. மூன்று வருடமாக ஜனங்கள் குடத்தையும் கிடாயையும் பெயரோடு சேர்த்து அடித்துச் சமாளித்திருக்கிறார்கள், ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை.

13 ஆகஸ்ட், புதன்

ஆகஸ்ட் 31-க்குப் பிறகு கூகுள் பிளேயில் அப்டேட் போடவேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு 15-ஐக் குறிவைத்து எழுதியிருக்கவேண்டும். வருடா வருடம் இதே மாதம் இதே வேலை. நியாயமான காரணங்கள் உண்டு, பாதுகாப்பு, அனுமதிகள், எல்லாம் புரிகிறது. ஆனால் ஒரு வரிகூடப் புதிதாகச் சேர்க்காத செயலிக்கும் வருடத்துக்கு ஒருமுறை வெள்ளையடித்தே ஆகவேண்டும். இந்த முறை திரையின் மேல்விளிம்பு வரை செயலி நீளுகிறதாம், அதனால் என் 'சேமி' பொத்தான் கடிகாரத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. இரண்டு நாள் போனது. குடத்துக்கு ஒரு கட்டம் வைக்க வேண்டியிருந்த இரண்டு நாள்.

17 ஆகஸ்ட், ஞாயிறு, ஆவணி 1

குடத்துக்குக் கட்டம் வைத்தாயிற்று. அதோடு அச்சுப் பொத்தான். ஊர் வாரியாக, அகர வரிசையில், பிடிஎஃப்.

மாமா வீட்டு விருந்துக் கணக்கை ஜெராக்ஸ் கடையில் எடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையெழுத்து நோட்டைப் பக்கத்தில் விரித்து, கீரமங்கலத்தில் தொடங்கி ஒவ்வொரு பேராக டிக் அடித்தார். அரைமணி நேரம். மூன்று பேர் நோட்டில் இருக்கிறார்கள், செயலியில் இல்லை. டேப்லெட்டுக்கு விசிறிக்கொண்டிருந்த நேரமாக இருக்கும்.

பேனாவை எடுத்தார், எழுத இடம் தேடினார். வரிகளை நெருக்கி அடுக்கியிருந்தேன், தாள் மிச்சமாகட்டும் என்று.

"எழுத எடம் விட வேணாமா மாப்ளே?"

அடுத்த பதிப்பில் ஒவ்வொரு ஊருக்கும் கீழே ஐந்து வெற்று வரி. ஐந்து போதாது என்கிறார் மாமா.